உப்பில் சயனைடு, சொம்பில் ஈயம்: ஒரு கர்ப்பிணித் தாயின் கடிதத்துக்குப் பதில்

ஒன்பது பக்கக் கடிதம். எழுதியவருக்கு 29 வயது. தென்மாவட்டத்தில், உப்பளங்களுக்குப் பக்கத்து ஊர். இரண்டே கால் வயதில் ஒரு மகன், இப்போது நான்கு மாதக் கர்ப்பம். கணவர் ஆசிரியர். மாமியாரும் உடன் இருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அப்படியே செய்திருக்கிறேன்.

2025 அக்டோபரில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தியைப் பார்த்த ராத்திரியிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. அதன் பிறகு கைப்பேசியைத் திறந்தாலே ஏதாவது ஒரு காணொளி: பாக்கெட் உப்பில் சயனைடு, தோசைக்கல்லில் புற்றுநோய், பிளாஸ்டிக் டப்பாவில் மலட்டுத்தன்மை. பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டு, உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்புக்கு மாறியிருக்கிறார். நான்ஸ்டிக், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்கியதில் 14,000 ரூபாய் செலவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை 'கெமிக்கல்' என்பதால் விழுங்குவதில்லை. அட்டைகள் மகனின் விளையாட்டுச் சாமான் கூடையில் கிடக்கின்றன. மகனுக்கு 102 டிகிரி காய்ச்சல் அடித்தபோது இரண்டு நாள் ஈரத்துணி மட்டும் போட்டிருக்கிறார்.

மாமியார் இவர் பக்கம். ரசம் அவருடைய பழைய ஈயச்சொம்பில்தான் கொதிக்கிறது. சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்க்கிறார், குளிப்பாட்டும்போது பையன் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார். மூத்தவனின் சின்னச் சட்டைகளை அடுத்த குழந்தைக்காக அந்துருண்டை போட்டுப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறார். கழிவறைக்கு 'கம்பெனி கெமிக்கல்' வேண்டாம் என்று தெருவில் வண்டியில் வரும் ஆசிட்டைப் பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்குகிறார்கள். ஒருநாள் அதோடு பிளீச்சிங் பவுடரும் கலந்து கழுவியதில், சாயங்காலம் முழுக்க இவருக்கு இருமல்.

கேள்விகள் இரண்டு. "கெமிக்கல் இல்லாத பொருள்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா, டாக்டர்? வீட்டுக்காரர் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார், அது உண்மையா?"

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. நீங்கள் பயந்த செய்தி நிஜம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில். 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் அதில் 48 சதவீதத்துக்கும் மேல் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகமே கண்டுபிடித்தது. சிறுநீரகத்தை அழிக்கும் பொருள் அது. 1972-ல் சென்னையிலும் 1986-ல் மும்பையிலும் இதே பொருள் மருந்தில் கலந்து உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. இதைப் படித்தும் பயப்படாத தாய் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

என் கவலை வேறு. உங்கள் பயம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து இன்னொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பயந்து பயந்து தூக்கியெறிந்தவற்றில் பெரும்பாலானவை உங்கள் மகனை ஒன்றும் செய்திருக்காது. 'இயற்கை', 'பழைய காலத்துப் பொருள்' என்று நம்பி வைத்திருப்பவற்றில் நாலைந்து, அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக்கூடியவை. குழந்தைகள் அவசரப் பிரிவில் பல வருடங்கள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே உப்பிலிருந்த சயனைடால் ஒரு குழந்தையும் வந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட்டைக் குடித்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். உணவுக்குழாய் சுருங்கிப்போய், மாதக்கணக்கில் வயிற்றில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி குடித்த ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தையின் முகம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டைகளைக் கூடையிலிருந்து எடுத்துப் பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். ஆசிட் பாட்டிலையும் அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

உப்பிலிருந்து தொடங்கலாம்

அந்தக் காணொளி முழுப் பொய் இல்லை, அதனால்தான் அது இவ்வளவு தூரம் பரவியது. பாக்கெட் உப்பு ஈரம் இழுத்துக் கட்டி தட்டாமலிருக்க, பொட்டாசியம் ஃபெரோசயனைடு என்ற பொருளைத் துளியளவு சேர்ப்பது உண்டு. பெயரில் சயனைடு இருக்கிறது, சரி. ஆனால் அந்தச் சயனைடு இரும்போடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. சாம்பார் கொதிக்கும் சூடோ வயிற்றிலிருக்கும் அமிலமோ அந்தப் பிணைப்பைச் சொல்லும்படியாகப் பிரிப்பதில்லை. சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பற்றும், குளோரின் மூச்சை அடைக்கும் வாயு. இரண்டும் சேர்ந்ததுதான் நாம் தயிர்சாதத்தில் போடும் உப்பு. பெயரின் ஒரு துண்டை மட்டும் பிய்த்துப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தால் உப்பையே தொட முடியாது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம், சின்னக் கணக்குதான். நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோ உப்பில் இந்தப் பொருள் 10 மில்லிகிராம்வரை இருக்கலாம். உங்கள் மகன் ஒரு நாளில் 2 கிராம் உப்பு சாப்பிடுகிறான் என்று வையுங்கள். அவன் உடம்புக்குள் போவது 0.02 மில்லிகிராம். வாழ்நாள் முழுக்க தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லை என்று உலக அளவில் நிபுணர்கள் வகுத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.025 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள பையனுக்கு 0.3 மில்லிகிராம். அதில் பதினைந்தில் ஒரு பங்குதான் அவனுக்குப் போகிறது. அந்த வரம்பும் விளிம்பில் போட்ட கோடு கிடையாது; விலங்குகளில் தீங்கு தெரியாத அளவைக் கண்டுபிடித்து, அதைப் பல மடங்கு குறைத்துத்தான் வகுப்பார்கள்.

மரவள்ளிக்கிழங்கில் இயற்கையாகவே சயனைடைத் தரும் பொருள் இருக்கிறது, அதுவும் இதைவிடச் சுலபமாக வெளிவரும் வடிவத்தில். நம் பாட்டிமார்கள் அதைத் தோலுரித்து, ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள். அவர்கள் கிழங்கை ஒதுக்கவில்லை, கையாளும் முறையைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இல்லாத ஆபத்துக்குப் பயந்து நீங்கள் இழந்தது என்ன என்பதுதான் என்னை உறுத்துகிறது. பாத்தியிலிருந்து நேராக வரும் கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். விதிப்படி கடையில் விற்கும் உண்ணும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருந்தாக வேண்டும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் தேவை. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கான தைராய்டு ஹார்மோன், ஆரம்ப மாதங்களில் உங்களிடமிருந்துதான் அதற்குப் போகிறது. கல்லுப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கிடைக்கிறது, பாக்கெட்டில் அந்தச் சொல்லைத் தேடி வாங்குங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, இத்தனை மாதம் அயோடின் இல்லாத உப்பு சாப்பிட்டதைச் சொல்லி, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள்.

உப்பைப் பற்றி இன்னொன்று. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஒரு மேசைக்கரண்டி உப்பு 15 கிராமுக்கும் மேல். 12 கிலோ குழந்தைக்கு அந்த அளவு ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பைக் கொண்டுவரலாம், உயிரையே எடுக்கலாம். உப்பில் ஒளிந்திருக்கும் சயனைடைவிட அந்த உப்பேதான் அவனுக்கு விஷம். தயவுசெய்து ஒருநாளும் செய்யாதீர்கள்.

பட்டியலுக்குப் பதிலாக நான்கு கேள்விகள்

நீங்கள் கேட்ட பட்டியலை என்னால் தர முடியாது. கெமிக்கல் இல்லாத பொருள் என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை. தண்ணீர், தாய்ப்பால், மஞ்சள், துளசி எல்லாமே ரசாயனம்தான். அஜினோமோட்டோ என்று நீங்கள் ஒதுக்கும் குளூட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. மறுபக்கம், அரளி விதையை யாரும் தொழிற்சாலையில் செய்யவில்லை. வேலியில் பூத்துக் காய்ப்பதுதான். இயற்கையா செயற்கையா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பதிலாக எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு? எந்த வழியாக உடம்புக்குள் போகிறது? யாருடைய உடம்புக்குள்? எத்தனை நாளாக?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் சொன்னதை, ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் அவர் பாணியில் சொன்னார்: அளவுதான் ஒன்றை விஷமாக்குகிறது. நச்சியல் படிக்கப் போகிறவர்களுக்கு இன்றும் முதல் பாடம் அதுதான். உங்கள் இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, சிலவற்றில் 100. தினம் ஒன்று உங்களுக்குத் தேவை. பிரசவத்தில் ரத்தம் போகும்போது தாங்கும் சக்தியை அதுதான் தருகிறது. உங்கள் மகனுக்கோ கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினாலே வாந்தி, வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கலாம். அதாவது நாலு மாத்திரை. கிலோவுக்கு 60-ஐத் தாண்டினால், பன்னிரண்டு மாத்திரை போனால், கல்லீரலும் உயிரும் ஆபத்தில். சிவப்பாக, மிட்டாய் மாதிரி பளபளப்பாக இருக்கும் மாத்திரை. அது யாருக்குத் தேவையோ அவர் சாப்பிடவில்லை, யாருக்கு விஷமோ அவன் கையெட்டும் கூடையில் கிடந்தது. இப்போது எடுத்துவிட்டீர்கள்தானே?

வழி என்றேனே, அதற்கு மூக்கில் விடும் எண்ணெயைச் சொல்லலாம். தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் வயிற்றுக்குப் போனால் எண்ணெய்தான். மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போனால் அங்கே தங்கி அழற்சியை உண்டாக்கும், மருந்துக்குச் சுலபமாக அடங்காத நிமோனியா வரும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு வாந்தி வரவைக்கக் கூடாது என்று நாங்கள் அடித்துச் சொல்வதும் இதனால்தான். வயிற்றில் இருக்கும்போது செய்வதைவிடப் பெரிய கேட்டை, திரும்பி வரும் வழியில் நுரையீரலுக்குள் புகுந்து செய்கிறது.

தண்ணீர் நிறைந்த கிணறு எப்போதுமே ஆபத்துள்ளதுதான். கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, மூடி போட்டிருக்கிறதா, குழந்தை அந்தப் பக்கம் போகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அது உங்கள் வீட்டுக்கு ஆபத்தா என்று சொல்ல முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் பொருள்களுக்கும் இதே பதில். ஒரு பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை இருக்கிறது என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்ற விவரம் மட்டும். ஆதாரம் மிக உறுதியாக இருக்கும் முதல் வகையில் சிகரெட்டும் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. அதற்காக நாம் வடகம் காயவைக்க மொட்டைமாடிக்குப் போகாமல் இருப்பதில்லை.

நான்ஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் இதில் அடங்கிவிடும். வெறும் நான்ஸ்டிக் சட்டியைப் பெரிய தீயில் காயவிட்டுப் புகையவைக்கக் கூடாது, மற்றபடி சாதாரணச் சமையலுக்குப் பயமில்லை. சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். அரிசி, பருப்பு போட்டு வைக்கும் டப்பாவைத் தூக்கியெறிந்திருக்க வேண்டியதில்லை. போனது போகட்டும்.

அந்த ஈயச்சொம்பு

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். உங்கள் வீட்டில் எதற்காவது பயப்படச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். தமிழில் ஈயம் என்று ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிப்பிடுகிறோம். ஈயச்சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். அது பெரிதாகக் கெடுதல் செய்யாது. காரீயம் வேறு, பழைய பேட்டரியிலும் தராசு எடைக்கல்லிலும் இருந்தது. காரீயம் மலிவு. சொம்பு செய்பவர் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்திருந்தால் பார்வைக்குக் கண்டுபிடிக்க முடியாது. காகிதத்தில் தேய்த்துப் பார், பென்சில் மாதிரி கோடு விழுந்தால் காரீயம் என்பார்கள். கோடு விழுந்தால் நிச்சயம் தூக்கிவைத்துவிடுங்கள். விழவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்; கலப்படம் கொஞ்சமாக இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

புளி, தக்காளி, சூடு மூன்றும் சேர்ந்தால் காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். மணமும் ருசியும் மாறாது. மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் காரீயத்திடம் மோசமான பதில்தான் இருக்கிறது. எவ்வளவு என்றால், இதுவரை பாதகமில்லை என்று சொல்லும்படியான அளவே கண்டுபிடிக்கப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாருக்கு என்றால், அதே அளவு வாய்க்குள் போனாலும் சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைப்போல நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது, வளரும் மூளையைத்தான் அது தாக்குகிறது. எத்தனை நாள் என்றால், எலும்பில் போய்ச் சேர்ந்து வருடக்கணக்கில் தங்கும்; கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது கூடவே ரத்தத்துக்கு வந்து வயிற்றுக் குழந்தையையும் தொடும். இந்தப் பொருளுக்காகத்தான் நம் நாட்டில் 2000-ல் காரீயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள், 2017-லிருந்து பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்றார்கள். ரசத்துக்குள் நாமே அதை விட்டுவிடக் கூடாது.

உங்கள் சொம்பில் காரீயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சுத்த வெள்ளீயமாகவும் இருக்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு இங்கே இடம் கொடுக்க முடியாது. இன்றிலிருந்து ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும். நீங்களும் மகனும் ரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய தனியார் ஆய்வகங்கள் மாதிரி எடுத்து அனுப்பிப் பார்த்துத் தருவார்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவரிடம் போய், வேறு எங்கிருந்து வருகிறது என்றும் தேட வேண்டும். கடையில் வாங்கிய கண்மை, மிகப் பளீரென்றிருக்கும் உதிரி மஞ்சள்தூள் இரண்டையும் அப்போது பட்டியலில் சேருங்கள். பெயர் தெரியாத மஞ்சள்தூளை விட்டுவிட்டு, கிழங்கு வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது. இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், மாத்திரையை மறுபடி தொடங்க இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

மாற்ற வேண்டிய மற்றவை

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சாயங்காலம் உங்களுக்கு வந்த இருமல் அதனால்தான். ஜன்னல் சாத்திய சின்னக் கழிவறையில், இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தால் இருமலோடு போயிருக்காது. தெருவண்டி ஆசிட்டில் பெயர் இல்லை, செறிவு எவ்வளவு என்று தெரியாது, முதலுதவிக் குறிப்பு இல்லை. நீங்கள் ஒதுக்கிய கடை பாட்டிலில் அத்தனையும் அச்சிட்டிருக்கிறது, அதன் உருவமும் குடிக்கும் பாட்டில் மாதிரி இருக்காது. இந்த விஷயத்தில் 'கம்பெனி கெமிக்கல்'தான் உங்களுக்குப் பாதுகாப்பு. எதை வாங்கினாலும் அதன் சொந்தப் பாட்டிலிலேயே இருக்கட்டும்.

கற்பூரம் கலந்த எண்ணெயை நிறுத்திவிடுங்கள். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். அதைவிட, கற்பூர டப்பா பூஜையறையில் தரைமட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை ஒரு வில்லையை வாயில் போட்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே சின்னக் குழந்தையின் உயிரைப் பறித்ததாக மருத்துவ நூல்களில் பதிவு இருக்கிறது. நீலகிரித் தைலப் பாட்டிலுக்கும் இதே எச்சரிக்கை. சளிக்கு மூக்கில் உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும்.

எலி மருந்து பேஸ்ட் வீட்டில் இருந்தால் வைத்துக்கொள்ளவே வேண்டாம். எலிப்பொறி போதும். குழந்தை அதை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தால்கூட, நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. முதல் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு கல்லீரல் கெட்டுப்போய் வருவதைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

மருந்தைப் பற்றி

சிந்த்வாரா குழந்தைகளைக் கொன்றது மருந்து என்ற பொருள் இல்லை, மருந்துக்குள் வந்த அசுத்தம். அதைச் சோதிக்காமல் விட்டவர்கள் மேலும் கண்காணிக்காமல் விட்டவர்கள் மேலும் உங்களைப்போலவே எனக்கும் கோபம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப்பே வேண்டாம், ஐந்து வயதுவரைகூடப் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதாரத் துறையும் அப்போது அறிவுறுத்தியது. பெரும்பாலான இருமல் தானாகவே போய்விடும். அதனால் அந்த சிரப்பை நீங்கள் நிறுத்தியது சரி.

பாராசிட்டமால் அப்படியில்லை. 102 டிகிரியில் குழந்தை துவண்டு கிடக்கும்போது அது ஆறுதல். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே நாலிலிருந்து ஆறு மணி நேரம், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. இங்கே நடக்கும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். கடையில் மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்றால் ஏழரை மில்லி. 250 மில்லிகிராம் சிரப் என்றால் மூன்றரை மில்லி. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். போன தடவை ஏழரை மில்லி கொடுத்தோமே என்று சொட்டு மருந்தை ஏழரை மில்லி ஊற்றினால் 750 மில்லிகிராம் போய்விடும், கல்லீரலுக்கு அது ஆபத்தான பாதை. அட்டையில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டு, கூடவே வரும் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள்.

மருந்து வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். அதில் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்க அந்த எண்தான் கைகொடுக்கும். உணவுப் பொருள் மேல் சந்தேகம் என்றால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு உங்களுக்கு ஓர் உரிமை தருகிறது. வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம், பொருள் விதிப்படி இல்லை என்று ஆய்வறிக்கை சொன்னால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பரிசோதனைக்கு எடுப்பதைக் கடைக்காரரிடம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். காணொளி போடுகிறவர்கள் ஏனோ இதை மட்டும் சொல்வதில்லை.

எதையாவது விழுங்கிவிட்டால்

வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புக் கரைசல், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்தெடுத்து வாயைக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். விழுங்கிய பொருளின் பாட்டில், அட்டை எது இருந்தாலும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம். இரண்டு எண்களையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

வீட்டுக்காரர், மாமியார், நீங்கள்

உங்கள் கணவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை. பைத்தியம் என்று சொல்வதால் பயம் போகாது, உங்கள் மனைவி உங்களிடம் சொல்லாமல் தனியாகப் பயப்பட ஆரம்பிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, பையனின் உயரத்திலிருந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். எட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்று தெரியும். சகோதரி, அந்த வேலையை அவரே எடுத்துச் செய்தால் உங்களுக்குப் பாதிப் பாரம் குறையும்.

மாமியாரிடம் சொம்பைப் பற்றிப் பேசுவது கஷ்டம்தான். அது அவர் தாய்வீட்டுச் சீராக வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வளர்த்த முறையில் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடாமல், "டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார், முடிவு வரும்வரை எடுத்து வைக்கலாம் அத்தை" என்று என் தலையில் பழியைப் போட்டுவிடுங்கள். பூஜை அலமாரியில் துலக்கி வைத்தால் சொம்பு அழகாக இருக்கும்.

உங்களைப் பற்றி. கர்ப்ப காலத்தில் கவலை கூடுவது சகஜம். ஆனால் தூக்கமில்லாமல் மாதக்கணக்காகிவிட்டது, சாப்பாட்டையே குறைத்துவிட்டேன் என்று எட்டாவது பக்கத்தில் எழுதியிருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இது சிகிச்சை இருக்கும் பிரச்சினை. 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே பேசலாம், உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்தக் காணொளிகள் வேண்டாம்.

கடைசியாக, அந்தச் சின்னச் சட்டைகள். கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருந்தீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் துணியில் ஏறித் தங்கும். பிறந்த குழந்தையின் கல்லீரல் அதைச் சமாளிக்கும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தையாக இருந்தால், அந்தச் சட்டையைப் போட்டதிலேயே சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வந்து மூளைவரை பாதித்திருக்கிறது. குறைபாடு இருக்கிறதா என்று பிறக்கும் முன்பு நமக்குத் தெரியாது. உருண்டைகளை எடுத்து, பையன் கைக்குக் கிடைக்காமல் அப்புறப்படுத்துங்கள். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம், கணவர் செய்யட்டும். துணிகளை இரண்டு மூன்று தடவை சோப்பு போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் பல நாள் காயப்போடுங்கள். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. முகர்ந்து பார்த்துக் கொஞ்சமாவது வாடை இருந்தால் அந்தச் சட்டை பிள்ளைக்கு வேண்டாம். வாடை போனவற்றைக் காய்ந்த வேப்பிலை போட்டு, துணிப்பையில் கட்டி வையுங்கள்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்